புகை இல்லாத பொது இடம் கேட்போம்

(மகளிர் தினத்தன்று நடந்த நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் மேடை ஏறிப் பேசிப் பழக்கம் இல்லாதவள். பத்தாவது வரைக்கும் படிச்சேன். அதுக்குப் பிறகு கல்யாணம், வீடு, ரெண்டு பிள்ளைகள், ரெண்டு மாடு. எங்க குழுவில் தீர்மான நோட்டு எழுதுறது நான்தான். "உடல்நலம் பத்திப் பத்து நிமிஷம் பேசு"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, ரத்த சோகை பத்தியெல்லாம் போன வருஷம் நர்சம்மா நல்லாச் சொல்லிட்டாங்க. நான் பேச வந்தது நாம தினமும் பார்க்கிற, பார்த்தும் பேசாமல் விடுற ஒரு விஷயம். பஸ் ஸ்டாப்பில், ரேஷன் கடை வரிசையில், டீக்கடை வாசலில், நூறு நாள் வேலை நடக்கிற இடத்தில் நமக்குப் பக்கத்தில் நின்னு ஆம்பளைங்க விடுற பீடிப் புகை, சிகரெட் புகை.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நின்னு குடிங்க"ன்னு நம்மில் எத்தனையோ பேர் கேட்டிருப்போம். என்ன பதில் வரும்? "வெளியில நின்னுதானே குடிக்கேன், உன் வீட்டுக்குள்ள வந்தா குடிக்கேன்?" இந்த ஒரு பதிலில் நம்ம வாய் அடைச்சுப் போகுது. வெளி என்றால் காத்து அடிச்சுக்கிட்டுப் போயிரும், யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு நாமளும் நம்பிக்கிறோம். அது சரியா தப்பா என்பதைத்தான் முதலில் பார்க்கணும்.

ஒரு பீடி எரியும்போது புகை ரெண்டு வழியில் வருது. ஒண்ணு, குடிக்கிறவர் உள்ளே இழுத்து வெளியே விடுறது. இன்னொண்ணு, அவர் இழுக்காமல் கையில் வச்சுப் பேசிக்கிட்டு இருக்கும்போது நுனியில் இருந்து சும்மா எரிஞ்சு வர்றது. இந்த ரெண்டாவது புகை எந்த வடிகட்டியும் இல்லாமல் நேரா பக்கத்தில் நிக்கிறவங்க மூக்குக்குத்தான் போகும். புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருக்கு. அதில் எழுபது வரைக்கும் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை. காசு போட்டு வாங்கிக் குடிக்கிறவருக்கு மட்டும் என்று அது பிரிச்சுப் பார்க்காது.

வெட்டவெளியில் என்ன ஆகும் என்பதையும் அளந்து பார்த்திருக்காங்க. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்காரங்க 2007-ல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வெளியில் உட்கார்ந்து ஒருத்தர் சிகரெட் குடிக்கும்போது, ரெண்டு அடி தூரத்துக்குள்ளே இருக்கிறவங்களுக்கு வர்ற புகை, வீட்டுக்குள்ளே குடிச்சால் வர்ற அளவுக்கே இருக்கும் என்று கண்டாங்க. ஆறு அடிக்கு மேலே தள்ளிப் போனால் நல்லாக் குறைஞ்சிரும். அப்படின்னா ஒண்ணு விளங்குது. காத்து புகையைக் கொண்டுபோறது நிஜம்தான். ஆனால் நாம தள்ளி நிக்க இடம் இருந்தால்தான் அதனால் நமக்கு லாபம். நம்ம ஊர் நிழற்குடையில் ஆறு அடி தள்ளி எங்கே போய் நிக்க? மழை பெஞ்சா எல்லாரும் அந்த நாலு தூணுக்குள்ளேதான் நிக்கணும். வெயில் அடிச்சாலும் அங்கேதான். ரேஷன் வரிசையில் தள்ளி நின்னால் வரிசை போயிரும். கைப்பிள்ளையோட நிக்கிறவள் கொளுத்துற வெயிலில் இறங்கி நிக்கணுமா, இல்லை நிழலில் நின்னு புகையைக் குடிக்கணுமா?

அடுத்து, இந்தப் புகை யாரைப் போய்ச் சேருது என்பதைப் பார்க்கணும். நாம யாரு? நம்மில் பாதிப் பேர் மில்லு வேலைக்குப் போனவங்க, போய்க்கிட்டு இருக்கிறவங்க. ராஜபாளையத்து நூல் மில்லுகளில் பஞ்சுத் தூசி எப்படி இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சுத் தூசியால் வர்ற மூச்சு நோய்க்கு பைசினோசிஸ் என்று பேரு. வார லீவு முடிஞ்சு முதல் நாள் வேலைக்குப் போகும்போது நெஞ்சு இறுக்கிப் பிடிக்கும், அதுதான் அதுக்கு அடையாளம். அப்புறம் விறகு அடுப்பு. கேஸ் வந்த பிறகும் சிலிண்டர் விலைக்குப் பயந்து வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகுதானே வைக்கிறோம்? பஞ்சும் புகையும் ஏற்கெனவே போய் உட்கார்ந்திருக்கிற நெஞ்சுக்குள்ளேதான், பஸ் ஸ்டாப்பில் நிக்கிறவர் பீடிப் புகையும் போகுது.

எங்க மாமியாரையே சொல்றேன். அவங்க அனுமதி வாங்கிட்டுத்தான் சொல்றேன், முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்காங்க. இருபத்திரண்டு வருஷம் மில்லில் வேலை பார்த்தவங்க. வாழ்க்கையில் ஒரு பீடியைக் கையால் தொட்டவங்க இல்லை. இன்னைக்கு மாடிப்படி நாலு ஏறினால் மூச்சு வாங்குது. டாக்டர் ஊதச் சொல்லிப் பார்த்துட்டு, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று சொன்னார். பிறகு முதலில் கேட்ட கேள்வி, "பாட்டி, பீடி குடிக்கிற பழக்கம் உண்டா?" அத்தைக்கு அன்னைக்கு வந்த கோபம் இருக்கே! "நான் குடிக்கல ஐயா, எனக்குப் பக்கத்துல இருக்கிறவன் குடிச்சான்"னு சொன்னாங்க. டாக்டர் சிரிக்கவில்லை. "அதுவும் ஒரு காரணம்தான் பாட்டி"ன்னு சொன்னார். மாசாமாசம் மாத்திரைக்கும் ஊதுற மருந்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் போகணும். அந்த மருந்து வாங்கப் போற பஸ்ஸுக்குக் காத்து நிக்கிற இடத்திலேயே புகையைக் குடிச்சுட்டுத்தான் போகணும். வீட்டில் மருந்து, வழியில் நோய். எங்க வீட்டுப் பாடு இதுதான்.

பெரியவங்களை விடப் பிள்ளைகளுக்கு இன்னும் மோசம். சின்னப் பிள்ளைகள் நம்மை விட வேகமா மூச்சு விடும். அதனால் அவங்க உடம்பு அளவுக்குப் பார்த்தால் புகையும் அதிகமா உள்ளே போகும். வீசிங், காதில் சீழ், அடிக்கடி சளி எல்லாம் இதனால் கூடும். கர்ப்பமா இருக்கிற பொம்பளை மத்தவங்க புகையைச் சுவாசிச்சால் பிள்ளை எடை குறைஞ்சு பிறக்கும். உலகம் பூராவும் தான் குடிக்காமல் மத்தவங்க புகையால் மட்டும் வருஷத்துக்குப் பத்து லட்சம் பேருக்கு மேலே சாகிறாங்க என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுது. நம்ம நாட்டில் அரசாங்கம் 2016-17-ல் எடுத்த புகையிலைக் கணக்குப்படி, புகைபிடிக்கிறவங்க ஆம்பளைகளில் நூத்துக்கு 19 பேர், பொம்பளைகளில் நூத்துக்கு 2 பேர்தான். ஆனால் வீட்டுக்குள்ளே அடுத்தவர் புகை தன் மேலே படுதுன்னு சொன்னவங்க நூத்துக்கு 38 பேருக்கு மேல். குடிக்கிறவங்களை விடக் குடிக்காமல் அனுபவிக்கிறவங்க ஜாஸ்தி.

சரி, இதுக்குச் சட்டம் இல்லையா? இருக்கு. அந்தச் சட்டம் வந்த கதையில் ஒரு பொம்பளையும் இருக்காங்க. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

நம்ம மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், கோட்டயத்தில் மோனம்மா கோக்காட் என்று ஒரு கல்லூரி ஆசிரியை இருந்தாங்க. பொது இடத்தில் அடுத்தவங்க விடுற புகையைப் பொறுக்க முடியாமல் அவங்களும் ராமகிருஷ்ணன் என்பவரும் கேரளா ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டாங்க. 1999 ஜூலை 12-ம் தேதி தீர்ப்பு வந்துச்சு. பொது இடத்தில் புகைபிடிக்கிறது சட்டவிரோதம், அது பொதுத் தொல்லை, அரசியல் சட்டம் 21-வது பிரிவில் கொடுத்திருக்கிற உயிர் வாழ்ற உரிமையையே அது பறிக்குதுன்னு சொன்னாங்க. அந்தத் தீர்ப்புச் சொன்ன ரெண்டு நீதிபதிகளில் ஒருத்தர் நம்ம தேவகோட்டையில் பிறந்த ஏ.ஆர். லட்சுமணன். "இதெல்லாம் ஒரு வழக்கா"ன்னு சிரிக்கிற காலத்தில் அந்த அம்மா போட்ட வழக்கால் கேரளா முழுக்கப் பொது இடத்தில் புகைக்குத் தடை வந்துச்சு.

அடுத்து, மும்பைக்காரர் முரளி தேவ்ரா போட்ட வழக்கில் 2001 நவம்பர் 2-ம் தேதி சுப்ரீம் கோர்ட் நாடு பூராவுக்கும் சொல்லிச்சு: ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நூலகம், கோர்ட்டு, அரசு ஆபீஸ், பஸ், ரயில் இங்கெல்லாம் புகைபிடிக்கக் கூடாது. நம்ம தமிழ்நாட்டிலும் புகைபிடிக்கிறதையும் எச்சில் துப்புறதையும் தடுக்க 2002-ம் வருஷச் சட்டம் ஒண்ணு இருக்கு. 2003-ல் மத்திய அரசு புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டு வந்துச்சு. மீறினால் 200 ரூபாய் வரைக்கும் அபராதம். பதினெட்டு வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு விக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தைச் சுத்தி 100 கஜத்துக்குள்ளே விக்கக் கூடாது.

இதில் நம்ம விஷயம் எங்கே வருதுன்னு கவனிங்க. 2003 சட்டத்தில் "பொது இடம்" என்று சொல்லும்போது, "திறந்தவெளி இதில் சேராது" என்று ஒரு வரி இருந்துச்சு. "வெளியிலதானே குடிக்கேன்" என்ற பேச்சுக்கு அது ஒரு பிடிமானம். 2008-ல் அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார மந்திரியா இருந்தப்போ விதிகள் வந்துச்சு. அந்த வருஷம் அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்னைக்கு அமலாச்சு. அந்த விதியில் தெளிவா எழுதிட்டாங்க. பஸ் ஸ்டாப்பு, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன், விளையாட்டு மைதானம் மாதிரி ஜனங்க வந்து போற இடத்தைத் திறந்தவெளி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஆகவே கூரை இல்லாத பஸ் ஸ்டாப்பானாலும் அங்கே பீடி குடிக்கிறது குற்றம். 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவில் "புகைபிடிக்கக் கூடாத இடம், இங்கே புகைபிடிப்பது குற்றம்" என்று போர்டு வைக்கணும். சாம்பல் தட்டு, தீப்பெட்டி, லைட்டர் மாதிரி பத்த வைக்கிற சாமான் எதுவும் அந்த இடத்தில் கொடுக்கக் கூடாது. இத்தனையும் எழுதி வச்சாச்சு. நம்ம ஊர் நிழற்குடையில் கட்சி விளம்பரம், காதுகுத்து போஸ்டர் எல்லாம் இருக்கு. இந்த போர்டை மட்டும் காணோம்.

"ஆம்பளைங்களை யாரு தாயி திருத்த?" என்று கேப்பீங்க. நான் யாரையும் திருத்தச் சொல்லவில்லை. இந்த இந்த இடத்தில் மட்டும் வேண்டாம் என்றுதான் கேக்கச் சொல்றேன். அது முடியும் என்பதற்கு நம்ம பக்கத்திலேயே சாட்சி இருக்கு.

எங்க வீட்டுக்காரர் பட்டாசு ஆபீஸில் வேலை பார்க்கிறார். பீடி குடிக்கிறவர்தான். (மேடையில் மானத்தை வாங்கிட்டாளேன்னு சாயங்காலம் சண்டை இருக்கு, அதை நான் பார்த்துக்கிறேன்.) காலையில் ஆபீஸ் வாசலில் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவாங்க. தீப்பெட்டியும் பீடியும் வெளியிலேயே இருக்கணும். சாயங்காலம் வெளியே வர்ற வரைக்கும் ஒரு பீடி கிடையாது. அதுக்காக அவர் ஒருநாளும் மயக்கம் போட்டு விழுந்ததில்லை, யார் கூடவும் சண்டை போட்டதும் இல்லை. ஏன்னா வெடிச்சிரும் என்ற பயம் அவருக்கும் தெரியும், அந்த வாசலில் நிக்கிறவருக்கும் தெரியும். சதுரகிரிக்கு அமாவாசை, பௌர்ணமிக்குப் போறோமே, தாணிப்பாறை வாசலில் வனத்துறைக்காரங்க பையைச் சோதிச்சு, தீப்பிடிக்கிற சாமானை எடுத்து வச்சுட்டுத்தான் மேலே விடுறாங்க. மலை என்ன, நாலு சுவருக்குள்ளேயா இருக்கு? அது வெட்டவெளிதானே? காடு எரிஞ்சிரக் கூடாதுன்னு கட்டுப்பாடு இருக்கு. எல்லாரும் மதிக்கிறாங்க. பட்டாசு மருந்துக்கு உள்ள மரியாதையும் மரத்துக்கு உள்ள மரியாதையும் எங்க அத்தையோட நெஞ்சுக்கு வேண்டாமா?

இன்னொண்ணும் சொல்றேன். நம்ம பக்கத்துப் பயல்கள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறாங்க. அங்கே 2013-ல் இருந்து பஸ் ஸ்டாப்பில் மட்டுமில்லை, பஸ் ஸ்டாப்பில் இருந்து அஞ்சு மீட்டருக்குள்ளேயும் புகைபிடிக்கக் கூடாது. அங்கே ஒழுங்கா தள்ளிப் போய்க் குடிக்கிற அதே பயல், லீவுக்கு வந்தால் நம்ம நிழற்குடைத் திண்டில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து ஊதுறான். பையன் மாறவில்லை. அங்கே அந்த இடத்துக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கு, கேக்கிறதுக்கு ஆள் இருக்கு.

தடை போட்டால் பலன் உண்டா என்று கேக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு. ஸ்காட்லாந்து நாட்டில் 2006-ல் கட்டடங்களுக்குள்ளே இருக்கிற பொது இடங்களில் தடை போட்டாங்க. அதுக்கு முன்னே ஆஸ்துமாவால் ஆஸ்பத்திரியில் சேர்ற பிள்ளைகள் எண்ணிக்கை வருஷத்துக்கு நூத்துக்கு 5 வீதம் கூடிக்கிட்டே வந்துச்சு. தடைக்குப் பிறகு வருஷத்துக்கு நூத்துக்கு 18 வீதம் குறைஞ்சது. அது கட்டடத்துக்குள்ளே போட்ட தடைதான். இருந்தாலும், பெரியவங்க பழக்கம் கொஞ்சம் இடம் மாறினாலே பிள்ளைகளோட மூச்சு லேசாகும் என்பதற்கு அது போதும். நம்ம நாட்டிலும் நாகாலாந்தில் கோஹிமா மாவட்டத்தில் கரிஃபேமா என்ற சின்ன ஊரை 2014-ல் புகையிலை இல்லாத கிராமம் என்று அறிவிச்சாங்க. பெரிய பட்டணம் இல்லை, நம்ம மாதிரி ஒரு கிராமம்தான்.

இனி எங்க குழுவில் என்ன செஞ்சோம், எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதைச் சொல்றேன்.

முதல் பிரச்சனை எங்க குழுவுக்குள்ளேயே வந்துச்சு. பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் பெட்டிக்கடை வச்சிருக்கிறது எங்க குழு அக்காதான். புருஷன் இல்லாதவங்க. குழுக் கடனில்தான் அந்தக் கடையே. பீடி, சிகரெட் விக்கிறதில் ஓடுற காசுதான் அவங்களுக்குத் தவணை கட்ட உதவுது. இந்தப் பேச்சை எடுத்ததும் அந்த அக்கா கண் கலங்கிருச்சு. "எல்லாரும் சேர்ந்து என் வயித்துல அடிக்கப் போறீங்களா?"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மேலே போகக் கூடாதுன்னு முடிவு பண்ணினோம். மூணு கூட்டம் இதையே பேசினோம்.

கடைசியில் முடிவானது இதுதான். விக்கிறதை நிறுத்தச் சொல்லவில்லை. கடை பள்ளிக்கூடத்துக்கு 100 கஜத்துக்கு அப்பாலேதான் இருக்கு. சின்னப் பயல்களுக்குக் கொடுக்கக் கூடாது. "அப்பா வாங்கிட்டு வரச் சொன்னாரு"ன்னு வந்தாலும் கூடாது. கடை ஓரத்தில் பீடி பத்த வைக்க ஒரு கயிறு எப்பவும் கனிஞ்சுக்கிட்டே தொங்குமே, அதை அவிழ்த்திரணும். வாங்குறவர் வாங்கிட்டுப் போகட்டும், அங்கேயே நின்னு பத்த வைக்க வேண்டாம். அக்கா யோசிச்சுட்டு, "கயிறுதானே, எனக்கும் அந்தப் புகை கண்ணைக் கரிக்கத்தான் செய்யுது"ன்னு அன்னைக்குச் சாயங்காலமே அவிழ்த்துட்டாங்க. முதலில் ரெண்டு வாரம் வியாபாரம் டல். சிலர் வேற கடைக்குப் போனாங்க. அதுக்குப் பதிலா நாங்க எல்லாரும் வீட்டுச் சில்லறைச் சாமானை அவங்ககிட்டயே வாங்குறதுன்னு வச்சுக்கிட்டோம். சாயங்காலம் சுண்டலும் பணியாரமும் போட்டாங்க. இதுவரைக்கும் ஒரு தவணையும் தவறவில்லை. நோட்டு என் கையில்தான் இருக்கு, யாரும் பார்க்கலாம்.

ரெண்டாவது, ஊராட்சித் தலைவரைப் பார்த்து மனு கொடுத்தோம். பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். சும்மா போய்க் கேட்டால் "பார்ப்போம்மா" என்று சொல்வாங்க. தீர்மானம் எழுதி, நகல் எடுத்து, இன்னொரு நகலில் பெற்றுக்கொண்டேன்னு சீல் வாங்கினோம். ஒரு மாசத்தில் நிழற்குடையில் பெயின்ட்டில் எழுதிட்டாங்க. பிறகு சுகாதார ஆய்வாளர் சார் ஒருநாள் வந்து கடைக்காரங்களுக்கும் டிரைவர், கண்டக்டர்களுக்கும் எடுத்துச் சொல்லிட்டுப் போனார்.

மூணாவது, கேக்கிற விதம். தனியா ஒரு பொம்பளை கேட்டால் சண்டைக்கு வருவாங்க. அதனால் ரெண்டு பேரா, அதில் ஒருத்தர் வயசானவங்களா இருக்கிற மாதிரிப் பார்த்துக்கிட்டோம். திட்டக் கூடாது, குத்திப் பேசக் கூடாது. "அண்ணாச்சி, போர்டு போட்டிருக்கு, கொஞ்சம் அந்தப் புளியமரத்துப் பக்கம் போயிட்டு வாங்க" அவ்வளவுதான். பெரிய ஆம்பளைங்க முக்கால்வாசிப் பேர் பேசாமல் எந்திரிச்சுப் போயிருவாங்க. "சரி தாயி"ன்னு சொல்றவங்களும் உண்டு. உள்ளதைச் சொல்றேன், ராத்திரி ஏழு மணிக்கு மேலே வர்ற இளவட்டப் பயல்களை எங்களால் இன்னும் ஒண்ணும் செய்ய முடியவில்லை. நூறு நாள் வேலை நடக்கிற இடத்திலும் பாதிதான் நடந்திருக்கு. நிழலுக்கு ஒதுங்கும்போது ஆம்பளைங்க ஒரு மரம், பொம்பளைங்க ஒரு மரம் என்று பிரிச்சுக்கிட்டோம். முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பகல் பஸ்ஸுக்கு எங்க அத்தை இப்ப முந்தானையால் மூக்கை மூடாமல் நிக்கிறாங்க.

சிலர் சொல்வாங்க, "பாவம், உழைச்சுக் களைச்ச மனுஷனுக்கு உள்ள ஒரே சுகம் பீடிதான், அதையும் பிடுங்கணுமா?"ன்னு. பிடுங்க வேண்டாம். தள்ளிப் போய்க் குடிக்கட்டும். விட நினைக்கிறவங்களுக்கு அரசாங்கமே இலவசமா ஒரு போன் நம்பர் வச்சிருக்கு: 1800-11-2356. பீடிக் கட்டிலும் சிகரெட் பெட்டியிலும் அச்சடிச்சிருக்கும். எங்க வீட்டுக்காரர் அந்த நம்பருக்கு இன்னும் போன் போடவில்லை. ஆனால் வாசத் திண்ணையில் குடிக்கிறதை விட்டுட்டு மாட்டுக் கொட்டத்துக்கு அந்தப் பக்கம் போறார். இப்போதைக்கு அது போதும்.

இன்னும் சிலர், "பீடி சுத்திப் பிழைக்கிற பொம்பளைங்க என்ன ஆவாங்க?"ன்னு கேப்பாங்க. நியாயமான கேள்வி. தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் எத்தனையோ அக்காமார் பீடி சுத்தித்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாங்க. எங்க அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்த்தான் என்னைப் பத்தாவது வரைக்கும் படிக்க வச்சாங்க. அந்த உழைப்பை நான் ஒருநாளும் கேவலமாப் பேச மாட்டேன். பஸ் ஸ்டாப்பில் குடிக்காதேன்னு சொல்றதால் அவங்க தொழில் நின்னு போயிராது. புகையிலைத் தூசியைச் சுவாசிச்சு அவங்களும் இருமிக்கிட்டுத்தான் இருக்காங்க. அவங்களுக்கு மாற்றுத் தொழிலும் கடனும் கிடைக்கணும்னு கேக்க வேண்டியதும் நம்ம மாதிரிக் கூட்டமைப்புத்தான்.

ஒரு காலத்தில் வெளிக்குப் போறதும் "வெளியிலதானே" என்றுதான் இருந்துச்சு. அதனால் என்ன நோய் வந்துச்சு, யாருக்கு எத்தனை கஷ்டம் என்பது நமக்குத்தான் தெரியும். வீடு வீடாப் போய்ப் பேசி, கழிப்பறை கட்டக் கடன் கொடுத்து, விசில் ஊதி நிறுத்தினது யாரு? நம்ம குழுப் பொம்பளைங்கதானே? அப்பவும் நம்மைப் பார்த்துச் சிரிச்சாங்க. இப்ப யாரும் சிரிக்கிறதில்லை.

அதனால் இந்தக் கூட்டத்துக்கு நான் வைக்கிற கோரிக்கை ஒண்ணுதான். வர்ற மார்ச் 22, உலக தண்ணீர் தினத்தன்று கிராம சபை இருக்கு. இன்னும் ரெண்டு வாரம். அதுக்கு முன்னே நடக்கிற வாரக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் ஒரு தீர்மானம் எழுதுங்க. எப்படி எழுதணும்னு தெரியாதவங்களுக்காக நான் எழுதினதை அப்படியே வாசிக்கிறேன்:

"நமது ஊராட்சியில் உள்ள பேருந்து நிழற்குடை, நியாயவிலைக் கடை, பள்ளி, அங்கன்வாடி மையம், சுகாதார நிலையம், குடிநீர் பிடிக்கும் இடம், நூறு நாள் வேலை நடைபெறும் இடம் ஆகியவற்றில் யாரும் புகைபிடிக்கக் கூடாது எனவும், அவ்விடங்களில் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும் எனவும், சுகாதார ஆய்வாளர் மாதம் ஒருமுறை வந்து பார்வையிட வேண்டும் எனவும் கிராம சபையைக் கேட்டுக்கொள்வதென ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

இதை எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. கைநாட்டு வைக்கிறவங்க கைநாட்டு வைங்க. நகல் எடுத்துக்கிட்டுக் கிராம சபைக்குப் போங்க. ஒரு ஆளா போகாதீங்க, குழுவாப் போங்க. சத்தமா வாசிச்சு, மினிட் புத்தகத்தில் ஏறினதைப் பார்த்துட்டு வீட்டுக்கு வாங்க. அன்னைக்கு ஏறவில்லை என்றால் மே 1 இருக்கு, ஆகஸ்ட் 15 இருக்கு, இந்த விதியே அமலுக்கு வந்த அக்டோபர் 2 இருக்கு. கிராம சபை எங்கேயும் ஓடிப் போகாது, நாமளும் போக மாட்டோம்.

அபராதம் போடுறது அதிகாரிங்க வேலை. போர்டு வைக்கிறது ஊராட்சி வேலை. கேக்கிறது நம்ம வேலை. நாம கேக்காதவரைக்கும் அவங்க ரெண்டு பேருக்கும் இதைவிட அவசரமான வேலை ஆயிரம் இருக்கும்.

தீர்மானம் எழுதச் சந்தேகம் இருக்கிறவங்க சாப்பாட்டு நேரத்தில் என்கிட்ட வாங்க. வெள்ளைத்தாளும் கார்பனும் கொண்டு வந்திருக்கேன், உட்கார்ந்து எழுதிருவோம்.